பதிவில்லாத ஸ்கேன்

சொந்தக்காரர்களுக்கு ஸ்கேன் எடுப்பதில், மருத்துவமனை ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கும் பெரியவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மதிய இடைவேளையில் காதும் காதும் வைத்த மாதிரி மருத்துவமனைக்கு வரச் சொல்வாள். பெயர் எழுத மாட்டாள், சீட்டு கிடையாது, படத்தைச் சேமிக்கவும் மாட்டாள். ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்துவாள், "ஒண்ணுமில்ல, போ" என்று துடைத்து அனுப்பிவிடுவாள். மாமியார், ஓரகத்தி, மாடி வீட்டுக்காரர் என்று அந்தச் சலுகையை அனுபவிக்காதவர்கள் குறைவு. அவளுக்கும் அதில் பெருமைதான், சும்மா சொல்லக்கூடாது.

நான்கு வருடத்துக்கு முன்னால் தங்கையும் அப்படித்தான் வந்தாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். வீட்டில் 'ஸ்பீக்கர்' என்றே பெயர். அவள் வாயால் கேட்டால் வண்டி தாமதம் என்பதுகூட நல்ல செய்தி மாதிரி இருக்கும். தொண்டையில் ஏதோ நெருடுகிறது என்றவளிடம், பெரியவள் வழக்கம்போல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் ஒன்று இருந்தது. தைராய்டில், சின்னதாக, கறுப்பாக. அவ்வளவு சின்னக் கட்டியை ஊசி குத்திச் சோதிப்பதில்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். தும்மினாலே ஆஸ்பத்திரிக்கு மூட்டை கட்டுகிறவளிடம் இதை ஏன் சொல்வானேன், வருடம் திரும்பட்டும், நாமே கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தாள். பதிவில் இருந்திருந்தால் நினைவூட்டும் கடிதம் தானாகப் போயிருக்கும். பெரியவளோ இன்று நாளை என்று தள்ளிப்போட்டாள். ஒரு வருடம் இரண்டரை வருடம் ஆயிற்று.

கட்டி வெளியே தெரிந்தபோது குரல் நரம்பைப் பிடித்திருந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தது, குரல் போயிற்று. காற்றோடு கலந்த ஒரு கிசுகிசுப்புதான் மிச்சம். ரயில் நிலையத்தில் ஸ்பீக்கரை, பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் அக்காவை ஒருவர் ஒரு சொல் சொல்ல விடமாட்டாள். எங்கக்கா பார்த்தபோது இல்லவே இல்லை, பிறகுதான் வந்தது என்று எல்லோரிடமும் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியவள் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள்.

இந்த வருடம் ஒரு ஆராய்ச்சி டாக்டர் வந்து சேர்ந்தார். தைராய்டு புற்றுநோய்க் கட்டிகள் சிலவற்றில் ஒரு மரபணு மாறியிருக்கும், அவற்றில் சில முரட்டுத்தனமாகப் பரவும். ஸ்கேன் படத்தைப் பார்த்தே கம்ப்யூட்டர் அதை முன்கூட்டி ஊகிக்குமா என்பதுதான் அவர் கேள்வி. அதற்குக் கற்றுக்கொடுக்க, அறுத்தெடுத்துச் சோதித்த கட்டிகளின் பழைய படங்கள் வேண்டும். அவற்றைத் தேடியெடுத்து, கட்டியின் ஓரத்தைக் கோடு போட்டுக் காட்டுவது பெரியவளின் வேலை. நூற்றுக்கணக்கில் போட்டாள். தங்கையின் பெயரும் பட்டியலில் இருந்தது. மரபணு மாற்றம்: உண்டு.

தங்கை மறு பரிசோதனைக்கு வந்த அன்று டாக்டரும் ஸ்கேன் அறையில் இருந்தார். அவள் தன் பழைய பாட்டையே அவரிடமும் பாடினாள். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றுமே இல்லாத இடத்தில் இரண்டரை வருடத்தில் இவ்வளவு வளர்ந்ததென்றால் அது பெரிய தகவல், அந்தப் படம் எங்கே என்றார். சேமிக்கவில்லை என்றாள் பெரியவள்.

"பரவால்ல. கட்டி இல்லைன்னு எழுதிக்கலாமா?"

ஒரு தலையசைப்பு போதும். அக்காவுக்கும் சேர்த்துத் தங்கையே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் இந்தப் பொய்யைப் படித்துவிட்டு நாளைக்குக் கம்ப்யூட்டரும் எவளோ ஒருத்தியிடம் ஒண்ணுமில்ல, போ என்று சொல்லும். பெரியவளால் அதை மென்று விழுங்க முடியவில்லை.

"இருந்துச்சு டாக்டர். வலது பக்கம். ஆறு மில்லிமீட்டர். அகலத்தைவிட உயரம் அதிகம்."

உயரம் கூடிய கட்டி நல்ல சகுனமல்ல என்பது ஸ்கேன் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். படம் இல்லாமல் சேர்க்க முடியாது என்று முணுமுணுத்து, எழுதத் தொடங்கியிருந்த வரியை அடித்துவிட்டு வெளியே போனார். சின்னவள் கழுத்தில் இருந்த ஜெல்லைத் தானே துடைத்துக்கொண்டாள்.

"நீ பயந்துடுவியேன்னுதான்டி சொல்லல. அப்ப அது எனக்குப் பெருசாவே தோணல," என்றாள் பெரியவள்.

சின்னவள் துடைத்த காகிதத்தை நான்காக மடித்தாள்.

"ஆறு மில்லிமீட்டர்," என்றாள், அந்தக் காற்றுக் குரலில். "அளந்து பாத்திருக்கியேக்கா."