கிழட்டு முதலையும் நான்கு மில்லிமீட்டரும்

டாரில் ஒரு வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். கொடுப்பதற்கு முன்னால் யோசிக்கும் வழக்கம் மட்டும் அவனுக்குக் கிடையாது. போன ஜனவரியில், கோல்ட் கோஸ்ட்டில் ஒரு கேளிக்கைப் பூங்காவில், 'கிழட்டு முதலை' என்ற ரோலர் கோஸ்டரின் வாசலில் அவன் மகன் ஹாமிஷை அளந்து பார்த்து, இன்னும் வளர்ந்து வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எட்டு வயதுப் பையன் வீடு வந்து சேரும்வரை தேம்பினான். கேட்கப் பொறுக்காமல் டாரில், "அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்காந்து போறோம்டா. இது அப்பா வாக்கு" என்று சொல்லிவிட்டான்.

சொன்னதோடு மறந்தும் போனான். கரும்பு வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. அறுவடை தொடங்கிவிட்டால் அவனுக்குத் தன் பெயரே நினைவில் நிற்பது கஷ்டம். டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடிய அன்று ஹாமிஷ் தொலைக்காட்சி முன்னாலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தான். கிழட்டு முதலைக்கு வயதாகிவிட்டதாம், இந்த விடுமுறை முடிந்ததும் அதைக் கழற்றிப் போட்டுவிடப் போகிறார்களாம்.

டாரில் அன்று சாயங்காலமே பையனைச் சமையலறைக் கதவு நிலையோடு ஒட்டி நிறுத்தி, தலைமேல் ஒரு தட்டையான இரும்புத் துண்டை வைத்து அளந்தான். வேண்டியது நூற்று முப்பது சென்டிமீட்டர். இருந்தது நூற்று இருபத்தொன்பதரை. டாரிலின் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க வீட்டு வாரிசுப்பா அவன்" என்றாள் அவன் மனைவி பிரான்வின். அவள் டாரிலின் மார்பு உயரம்தான் இருப்பாள். "எங்க குடும்பம் மொத்தமும் வரிசையா நின்னா தோட்டத்து வேலி மாதிரிதான் இருக்கும். குழந்தைய விடு."

"கரும்புக்குப் போடற உரத்தைப் போட்டுப் பாருங்கப்பா" என்றாள் மூத்தவள் இமோஜன். பதின்மூன்று வயது, வாய் மட்டும் முப்பதைத் தாண்டிவிட்டது.

டாரிலுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் பையனைப் படுக்கையிலிருந்து எழுப்பி மறுபடி நிறுத்தி அளந்தான். நூற்று முப்பது புள்ளி நான்கு! இரும்புத் துண்டைத் திருப்பிப் போட்டு அளந்தான், அதேதான். அவன் போட்ட கூச்சலில் நாய் வேலி தாண்டி ஓடியது.

இமோஜன் தன் கைபேசியில் தேடிப் பார்த்துச் சொன்னாள். "படுத்தா முதுகெலும்பு நீளுமாம்ப்பா. எழுந்து நின்னா கொஞ்சம் கொஞ்சமா அமுங்குமாம். எல்லாருக்கும் அப்படித்தானாம். இவன் ஒண்ணும் அதிசயம் இல்ல."

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்கவில்லை. டாரில் கால் மணிக்கு ஒரு தடவை மகனை நிறுத்தி அளந்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய தாளில் எழுதினான். எழுந்து ஒரு மணி நேரம் காலில் நின்றால் பையன் சரியாக நூற்று முப்பது. அதற்குப் பிறகு ஒரு நிமிடம் போனாலும் போச்சு. கொல்லையில் இருந்த டிரம்போலின் வலைமேல் ஏறிக் குதித்தால் இன்னும் சீக்கிரம் போச்சு. டிரம்போலினுக்குப் பூட்டு விழுந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை உணவின்போது டாரில் திட்டத்தை அறிவித்தான். பூங்காவுக்கு எதிர்ச் சாரியிலேயே, வண்டி வீடுகளை வாடகைக்கு விடும் கேரவன் பூங்காவில் மூன்று நாள் தங்குவது. பையன் காலையில் எழுந்திருக்கவே கூடாது. கடற்கரைக்கு ஐஸ் பெட்டியும் குடையும் ஏற்றிப் போகும் நாலு சக்கர இழுவண்டியில் அவனைப் படுக்கவைத்து இழுத்துப் போவது. பத்து மணிக்குப் பூங்கா திறந்ததும் முதல் ஆளாக முதலையிடம் போய்ச் சேருவது. அங்கே இறக்கி நிறுத்துவது.

"சாப்பாடு?" என்றாள் பிரான்வின்.

"படுத்துட்டே சாப்பிடுவான்."

"ஒண்ணுக்கு?"

"பாட்டில்."

"டாரில், நீ பையனை விடுமுறைக்குக் கூட்டிட்டுப் போறியா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறியா?"

ஹாமிஷுக்கு மட்டும் அந்தத் திட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. அப்பா ஒரு மாதமாகத் தன்னைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை என்பதே அவனுக்குப் பெரிய கொண்டாட்டமாக இருந்தது. "பாட்டில் நீல மூடி போட்டதா இருக்கணும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

அவர்கள் ஊர் நியூ சவுத் வேல்ஸில். பூங்கா எல்லைக்கு அந்தப் பக்கம், குவீன்ஸ்லாந்தில். கோடைக்காலத்தில் இந்தப் பக்கத்துக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் முடியவே முடியாது என்று வீம்பு பிடிப்பார்கள். எல்லையோரத்தில் கைபேசியோ எந்தச் சிக்னல் கோபுரம் கைக்கு எட்டுகிறதோ அந்த ஊர் நேரத்தைக் காட்டித் தொலைக்கும். அதனால் டாரில் குடும்பம் எல்லை தாண்டும்போதெல்லாம் சாவி கொடுக்கும் பழைய அலாரம் கடிகாரத்தைத்தான் எடுத்துப் போகும். போய்ச் சேர்ந்ததும் முள்ளை ஒரு மணி பின்னால் திருப்பி வைத்துவிட்டால், அப்புறம் அது சொல்வதுதான் நேரம்.

கேரவனில் சாமான்களை இறக்கியதும் டாரில் முதல் வேலையாக அதைச் செய்தான்.

மறுநாள் காலை எல்லாம் வாய்ப்பாடு மாதிரி நடந்தது. ஹாமிஷ் அட்டென்ஷனில் படுத்தபடியே வெஜிமைட் தடவிய ரொட்டி தின்றான். ஊட்டிவிட்ட இமோஜன் பாதியை அவன் காதில் ஊட்டினாள். பல் விளக்கியதும் படுத்தபடிதான். துப்பியதைப் பற்றி பிரான்வின் இன்றுவரை பேச விரும்புவதில்லை. கடிகாரம் ஒன்பதே முக்கால் காட்டியபோது, இழுவண்டியில் போர்த்திப் படுத்த பையனை டாரில் கம்பீரமாக இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தான். எதிரே நாயோடு வந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். "நான் சாகல!" என்று ஹாமிஷ் உள்ளேயிருந்து கத்தினான். கிழவர் நாயையும் இழுத்துக்கொண்டு அடுத்த தெருவில் புகுந்துவிட்டார்.

வாசலில் கூட்டம் அலைமோதியது. "நம்மளவிடக் கிறுக்கனுங்க இத்தனை பேர் இருக்கானுங்களா" என்று டாரில் வியந்து முடிப்பதற்குள், மதிலுக்கு மேலே கிழட்டு முதலை தடதடவென்று ஓட, அதிலிருந்து நாற்பது பேர் கத்தும் சத்தம் கேட்டது.

"திறந்துட்டாங்க" என்றாள் இமோஜன். "திறந்து ரொம்ப நேரம் ஆச்சு போல."

வாசலுக்கு மேலே இருந்த பெரிய கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. டாரில் தன் பையிலிருந்து அலாரம் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான், ஆட்டினான், காதில் வைத்துக் கேட்டான். அப்போதுதான் பிரான்வினின் முகம் போன போக்கைக் கவனித்தான்.

"நேத்து நீ முள்ளைத் திருப்பினியா?" என்றாள் அவள் மெதுவாக.

"வந்ததும் திருப்பினேனே."

"நானும் திருப்பினேன். நீ மறந்திருப்பன்னு."

"நான் எதுக்கு மறக்கப் போறேன்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி ஊர் திரும்பினப்ப முள்ளை முன்னால தள்ள மறந்து எங்க அக்கா கல்யாணத்துக்குக் கேக் வெட்டும்போது கொண்டுபோய் விட்டவன் யாரு?"

"நல்லவேளை" என்றாள் இமோஜன். "நானும் திருப்பி வைக்கலாம்னுதான் வந்தேன். சோம்பேறித்தனமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

முதலையின் வரிசை வாசலில், எண்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று பலகை போட்டிருந்தது. அளவுகோல் வரிசையின் அந்தக் கோடியில், ஏறும் மேடைக்குப் பக்கத்தில். வண்டியை உள்ளே விட மாட்டேன் என்று காவலாளி கையை விரித்துவிட்டான். எண்பது நிமிடம் நின்றால் பையன் நூற்று முப்பதுக்குக் கீழே போய்விடுவான் என்பது குளிர்பதனப் பெட்டிக் கதவைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஹாமிஷின் உதடு பிதுங்கத் தொடங்கியது. ஒரு வருட வாக்கு கண்முன்னால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கரையப் போகிறது.

அவன் குனிந்து மகனை அப்படியே வண்டியிலிருந்து இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டான். "விறைப்பா இருடா" என்றான். பிரான்வின் இமோஜனைக் கூட்டிக்கொண்டு, இந்த மனிதனை இன்னார் என்றே தெரியாதவள் போலத் தண்ணீர்ச் சறுக்குப் பக்கம் நழுவினாள்.

இருபத்தேழு கிலோ. பத்து நிமிடத்தில் டாரில் வரிசைக் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டான். பின்னால் நின்ற ஆள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல், "பையனுக்குக் காலு முடியலயா அண்ணே?" என்று கேட்டான். செமிசி என்று பெயர், டோங்கா தீவுக்காரன், கட்டடங்களுக்குக் கான்கிரீட் போடுகிறவன். கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத உடம்பு.

டாரில் மூச்சு வாங்கியபடி முழுக் கதையையும் சொன்னான். செமிசி சிரிக்கவில்லை. மிகவும் யோசனையோடு தலையை ஆட்டினான்.

"நாலு மில்லிமீட்டரா? எங்க வேலையில அதுக்கெல்லாம் தளமே ஒடைச்சுட்டு மறுபடி போடச் சொல்லுவானுங்க. குடு இப்படி" என்று பையனைப் பலகை மாதிரி தோளில் வாங்கிக்கொண்டான்.

செய்தி வரிசை முழுக்கப் பரவியது. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பேச்சு வைத்துக்கொண்டார்கள். ஹாமிஷ் கை மாறி, தோள் மாறி, வானத்தைப் பார்த்தபடியே மெல்ல மெல்ல முன்னேறினான். யாரோ வாயில் ஐஸ்க்ரீம் ஊட்டினார்கள், யாரோ கண்ணுக்குத் தொப்பி வைத்தார்கள். "வளையாம புடிங்கடா, நடுவுல தொய்யுது!" என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார். தன் வாழ்நாளில் இவ்வளவு மரியாதையை ஹாமிஷ் பார்த்ததில்லை.

மேடைக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் முன்னால் அவனை நட்டு வைத்தார்கள். அவள் இருபது வயதுக்காரி, காலையிலிருந்து எல்லாவிதமான ஏமாற்று வேலையும் பார்த்துச் சலித்தவள். செருப்புக்குள் அட்டை இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தாள். குறுக்குக் கட்டையை இறக்கினாள். அது ஹாமிஷின் உச்சந்தலையில் மெத்தென்று உட்கார்ந்தது.

"நூத்தி முப்பது புள்ளி ரெண்டு. சரி, போ" என்று அவன் மணிக்கட்டில் பச்சை நாடாவைக் கட்டினாள். "இது இன்னைக்கு முழுக்க செல்லும், மறுபடி அளக்க வேண்டாம்."

வரிசை கைதட்டி ஆர்ப்பரித்தது. டாரிலுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மகனோடு ஒரு அடி எடுத்து வைத்தான்.

"நீங்க கொஞ்சம் நில்லுங்க" என்றாள் அந்தப் பெண். கட்டையை மேலே தூக்கி அவன் தலைக்கு நேராக வைத்தாள். அது போய் அவன் உச்சந்தலையின் ஓரத்தில் டங்கென்று இடித்தது. "நூத்தி தொண்ணூத்தாறுக்கு மேல இருக்கறவங்க ஏறக் கூடாது. நீங்க நாலு மில்லிமீட்டர் கூட."

விதிப் பலகையில் எழுதித்தான் இருந்தது. போன வருடம் டாரில் முதல் வரியைப் படித்ததோடு பொங்கிவிட்டான். இரண்டாவது வரியில் அவன் உயரத்துக்குத் தடை, மூன்றாவது வரியில் சிறுவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் போகலாம் என்ற விதி. ஒரு மாதமாக மகனை அளந்த மனிதன் தன்னை ஒரு தடவை அந்தக் கதவு நிலையில் நிறுத்திப் பார்த்திருக்கலாம்.

"என்கூட வரட்டும் அண்ணே" என்றான் செமிசி.

டாரில் மகனைப் பார்த்தான். "போடா, போயிட்டு வா" என்றான். ஹாமிஷ் ஓடியே போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாரில் வெளிவாசல் கம்பியைப் பிடித்தபடி நின்று, சந்தோஷப்பட்டான், அதே சமயம் அழுகையும் வந்தது. இரண்டையும் யாரும் பார்க்கவில்லை என்பதில் ஒரு ஆறுதல்.

நாலு நிமிடம் கழித்து ஹாமிஷ் வெளுத்த முகமும் நட்டுக்கொண்ட முடியுமாக வந்தான். வந்ததும், "அப்பா, உன்கூட ஒரு தடவை" என்றான்.

"எனக்குத்தான் இடிக்குதேடா."

ஹாமிஷ் அப்பாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். ஒரு மாதம் அளக்கப்பட்ட பையன், அந்தக் கணக்கெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "உட்காரவே உட்காராத" என்றான்.

மத்தியானம் பிரான்வினும் பிள்ளைகளும் மேசையில் அமர்ந்து தின்ன, டாரில் நின்றுகொண்டே இறைச்சி பஃப் தின்றான். ஒரு தடவை நிழலில் ஒரு பெஞ்சின் விளிம்பில் ஒட்டிப் பார்த்தான். "எழுந்திரு!" என்று எங்கிருந்தோ குரல் வந்தது. எல்லாருடைய பைகளும் அவன் தோளில். கடைசி ஒரு மணி நேரம் இமோஜனையும் தோளில் ஏற்றிவிட்டார்கள். அவள் சமாதானக் கொடி மாதிரி துண்டை ஆட்டிக்கொண்டு சவாரி செய்தாள். பிரான்வினுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது.

பூங்கா மூட அரை மணி இருக்கும்போது அதே பெண் கட்டையை இறக்கினாள். முடியைத் தொட்டது. அமுக்கினாள். சரியாக நூற்றுத் தொண்ணூற்றாறில் நின்றது.

"எப்படி?" என்றாள் அவள்.

"நின்னாரு" என்றான் ஹாமிஷ் பெருமையோடு.

அப்படித்தான் டாரில் அன்றைக்கு முதல் முறையாக உட்கார்ந்தான். கால் இரண்டும் அழுதுகொண்டிருந்தன. "அப்பாடா" என்று சாய்ந்தான். இரும்புப் பட்டை வந்து மடியில் பூட்டியது. கீழே சங்கிலி கடகடவென்று இழுக்க, வானம் சாய்ந்தது, கோல்ட் கோஸ்ட் மொத்தமும் காலடியில் போனது. எல்லாவற்றையும் யோசித்த மனிதன் அவ்வளவு உயரத்திலிருந்து கீழே பார்ப்பது தனக்கு ஆகுமா ஆகாதா என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"டேய் ஹாமிஷ்" என்றான் வறண்ட குரலில். "இறக்கிவிடச் சொல்லுடா."

"இனிமே முடியாதுப்பா" என்றான் பையன் ஆனந்தமாக. அப்பாவின் கையைத் தேடி எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.