கடைசி வரியில் நூற்றுப்பன்னிரண்டு

காலை பத்தே கால் மணிக்குப் பட்டியலில் முதல் ஆளாக என் அண்ணன் நின்றான். வந்திருப்பது ஒரே ஒரு சிறுநீரகம். அது அவனுக்குத்தான் என்று பதினோரு மணிக்கு மாற்று அறுவைப் பிரிவின் பொறுப்பாளர் மேடம் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், அறுவை அங்கியோடு அவன் மாடியில் உட்கார்ந்திருந்தான்.

பட்டியலைப் போடும் கணினி நிரலை எழுதியவள் நான்தான். இந்த மருத்துவமனையின் கணினி அறையில் ஆறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். காத்திருந்த காலத்தையும் உடல்நிலையையும் வைத்து ஒவ்வொரு நோயாளிக்கும் புள்ளி உண்டு. புள்ளி அதிகமானவர் மேலே வருவார். திரையில் முதல் பத்துப் பேர்தான் தெரிவார்கள். அதற்குக் கீழே யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

நான் போனேன். சந்தோஷத்தில் கை சும்மா இருக்கவில்லை, பட்டியலை அடிவரை தள்ளிவிட்டேன். கடைசி வரியில் ஒரு பெண். அவள் புள்ளி 112. அண்ணனுக்கு 98.

நிரலைத் திறந்து பார்த்தேன். படிவத்தில் தட்டச்சாகி எழுத்தாக வரும் புள்ளிகளை எண்ணாக மாற்றாமலே விட்டிருக்கிறேன். இயந்திரம் அவற்றை அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்தைப் பார்த்தே அடுக்கியிருக்கிறது. ஒன்று ஒன்பதைவிடச் சின்னது, அவ்வளவுதான் அதற்கு. இதுவரை எல்லாருக்கும் இரண்டு இலக்கமே இருந்ததால் என் வண்டவாளம் வெளியே தெரியவில்லை. டயாலிசிஸ் ஊசி போட இனி நரம்பே இல்லை என்று இந்த வாரம்தான் டாக்டர்கள் அவளுக்குக் கூடுதல் புள்ளி கொடுத்திருக்கிறார்கள். நூற்றைத் தாண்டிய முதல் ஆள் அவள்.

திருத்த ஒரு வரி போதும். ஒப்பிடும் இடத்தில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றைக் கழிக்கச் சொன்னால், இயந்திரம் இரண்டையும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். அதை நாளைக்குச் செய்தாலும் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். மூன்று வருஷமாக வாரத்தில் மூன்று நாள் அவனை நான்தான் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். மணி பத்து நாற்பது ஆயிற்று. பத்து நாற்பத்தைந்தும் ஆயிற்று.

கழித்தல் குறியைப் போட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில் அண்ணன் இரண்டாவது வரிக்கு இறங்கினான். மேடத்திடம் ஓடிப்போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். என்னைத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. அந்தப் பெண்ணின் எண்ணைக் கேட்டுப் போனை எடுத்தார்.

மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கேட்டான்:

"நூத்திப் பன்னெண்டு பெருசா, தொண்ணூத்தெட்டு பெருசா? ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியும். உன் மெஷினுக்குத் தெரியலையா?"

சிரிக்கப் பார்த்தான். அங்கியின் முடிச்சு அவன் கைக்கு அகப்படவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணிதான் அவிழ்த்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:

"அந்த ஒரு வரிய நாளைக்கு எழுதியிருக்கக் கூடாதா?"

அவள் பையிலிருந்து அவனுடைய பழைய சட்டையை எடுத்து உதறினாள்.

"பசிக்குதும்மா," என்றான் அண்ணன் என்னிடம். "இப்ப நான் சாப்பிடலாம்ல?"