இரண்டு அரசியரின் பொற்காசு

மாலைக் கதிரவன் மேற்கே சாய, உயர்ந்த மாடங்களின் நிழல் எதிர்ச்சுவர்களில் மெல்ல ஏறத் தொடங்கிய வேளை. பகலெல்லாம் வாணிகம் செய்து களைத்த கடைத்தெருவில் சிலர் கதவடைக்க, சிலர் விளக்கேற்ற, வீடு திரும்புவோர் தோளோடு தோள் உரசி நடக்க, தெருமுனை வெதுப்பகத்திலிருந்து எழுந்த வெந்த மாவின் மணம் யாரையும் கேளாமல் எல்லாக் கடைகளுக்குள்ளும் நுழைந்து கொண்டிருந்தது. அந்த மணத்தை விரும்பாதவர் அத்தெருவிலேயே ஒருவர்தாம். மூக்குக்கண்ணாடிகள் வரிசையாகத் தொங்கும், வீட்டோடு ஒட்டிய சிறு கடையின் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பழங்காசுகளின் முன் அவர் அமர்ந்திருந்தார். ஊரார் பார்வையைச் செவ்வையாக்கும் தொழிலுடைய அவரைக் கண்ணாடிக்காரர் என்றே அனைவரும் அழைத்தனர். வெதுப்பகமோ அவருடைய சகலைக்கு உரியது.

அறிவுசால் அன்பரே, அவர் திரட்டியவை பைசாந்தியப் பேரரசின் காசுகள். உரோமர் என்றே தம்மைச் சொல்லிக்கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட அவ்வரசின் செப்புக்காசுகளை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கி, மண்ணும் பாசியும் நீக்கி, மரத்தட்டில் குழி குழியாகக் குடைந்து, நீலப்பட்டு விரித்து அடுக்கியிருந்தார். நடுக்குழி ஒன்று மட்டும் வெறுமையாய் இருந்தது. தமக்கையும் தங்கையும் ஒரே அரியணையில் அமர்ந்து ஆண்ட காலத்துப் பொற்காசுக்காக அவர் ஒதுக்கிய இடம் அது. தங்கைமேல் கொண்ட பொறாமையால் அவள் கூந்தலைக் களைந்து துறவியர் மடத்தில் அடைத்தாள் தமக்கை. ஊர் மக்கள் திரண்டெழுந்து தங்கையை மீட்டுவந்து இருவரையும் அருகருகே அமர்த்தினர். ஏறத்தாழ இரண்டு திங்களே நிலைத்த அவ்வாட்சியில் அடித்த காசில் இருவரும் தோள் ஒட்டி நிற்க, நடுவே நட்ட ஒரே கொடிக்கோலை இருவர் கைகளும் பற்றியிருக்கும். அதைப் படத்தில் பார்த்துப் பார்த்தே அவர் தலை நரைத்தது.

அந்தக் குழியை அவர் மனைவியும் அவள் தங்கையும் கேலி செய்வதுண்டு. அக்கேலியை அவர் பொறுத்துக்கொள்வார். தங்கையை மணந்த சகலையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அவன் தொட்டதெல்லாம் துலங்கியது. மாமனார் வீட்டில் அவன் சொன்ன பழைய வேடிக்கைக்கும் அனைவரும் சிரித்தனர். இவர் சொன்ன அரிய வரலாற்றுக்கோ மாமியார் கொட்டாவி விட்டார். அக்கையும் தங்கையும் நகமும் சதையுமாய் இருக்க, அவர் மட்டும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். தமக்கு அது பொறாமையென்று தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை.

கதவு தட்டப்பட்டது. கைகளில் மாவு படிந்தபடியே சகலை உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் பொதியை எடுத்து நீட்டினான்.

"அண்ணே, பழைய வீட்டுச் சாமானெல்லாம் வித்தாங்க. வீட்டுக்காரிக்குப் பொத்தான் பெட்டி ஒண்ணு வாங்கினேன். பொத்தானுக்கு நடுவுல இது கெடந்துது. பாத்துச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் பொதியை அவிழ்த்தார். உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக் குனிந்தார். இரண்டு அரசியர்; நடுவே ஒரு கோல்; கோலின்மேல் இரண்டு கைகள். எழுத்துகளின் வெட்டும், விளிம்பில் அடியின் வேகத்தால் விழுந்த நுண்பிளவும், பொன்னின் நிறமும் ஒன்றுக்கொன்று சான்று கூறின. ஐயத்திற்கு இடமே இல்லை. தாம் வாழ்நாளெல்லாம் தேடியது பொத்தான்களுக்கு நடுவே இவன் கைக்கு வருவதா? அதை உண்மையென்று ஊருக்குச் சொல்லி இவனுக்கு மாலை சூட்டும் வாயும் தம் வாயாகவே இருக்க வேண்டுமா?

"போலிப்பா," என்றார். "பின்னாளில யாரோ வார்த்தது."

"போலியா?" சகலையின் முகம் விழுந்துவிட்டது. "நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். இங்கயே போட்டுட்டுப் போ. கழிச்ச காசோட கெடக்கட்டும்."

"அது எப்படிண்ணே? போலியைக் கொண்டாந்து உங்க தலையில கட்டுறதா? எனக்கு மனசு வராது. பொன்னாவது பொன்னா?"

"பொன்னு... பொன்னுதான்."

"அப்ப கவலையே இல்ல. ரெண்டா வெட்டிப் பதக்கம் பண்ணிடலாம். அக்காவுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு."

கண்ணாடிக்காரர் காசைக் கைக்குள் மூடிக்கொண்டார். "முழுசாவே யாராவது ஒருத்தர் போட்டுக்கட்டுமே."

"ஒருத்தர் போட்டா இன்னொருத்தர் மனசு வாடும், அண்ணே."

மறுநாள் பொற்கொல்லரின் கடையில் நால்வரும் கூடினர். அக்கையும் தங்கையும் கைகோத்து நின்று, எந்த அரசி யாருக்கென்று பேசிச் சிரித்தனர். பொற்கொல்லர் காசைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"எனக்கென்னவோ கை வரலைங்க. பாத்தா பழசு மாதிரி தெரியுது."

"எங்க அண்ணன் பாத்துட்டாரு," என்றான் சகலை பெருமையோடு. "அவர் சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல."

எல்லாக் கண்களும் கண்ணாடிக்காரர்மேல் திரும்பின. ஒரு சொல் போதும். அச்சொல்லைச் சொன்னால் காசு பிழைக்கும். ஆனால் மனைவியின் முன்னும் மைத்துனியின் முன்னும் அவர் பொய்யராய் நிற்க வேண்டும். காசு சகலையுடையதாய், முழுதாய், ஒளிவிட்டபடி இருக்கும். இவ்விரண்டில் எது தம் வாயை அடைத்தது என்று அவருக்கே விளங்கவில்லை.

"வெட்டுங்க," என்றார்.

கத்தரி அந்தக் கொடிக்கோலின் வழியாகவே இறங்கியது. பழம்பொன் ஆதலின் எளிதில் பிளந்தது. தமக்கையின் பாதியில் அவள் கையும், தங்கையின் பாதியில் இவள் கையும், பற்றக் கோலின்றி நின்றன.

அன்றுமுதல் அவர் மனைவி தன் பங்குப் பதக்கத்தைக் கழுத்தை விட்டு அகற்றவில்லை, அடுக்களையில் நிற்கும் நேரம் தவிர. ஒருநாள் சமைக்கப் போகுமுன் அதைக் கழற்றி, காசுத்தட்டின் வெற்றுக்குழியில் வைத்தாள்.

"சும்மா காலியாத்தானே கெடக்குது. ஆவி படாம இதுல இருக்கட்டும்," என்றவள், சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள். "தங்கச்சி ஒண்ணு சொன்னா. பொத்தான் பெட்டியில இதைப் பாத்ததுமே அவ வீட்டுக்காரர் குதிச்சாராம், அண்ணனோட குழிக்கு ஆள் கெடைச்சாச்சுன்னு. நெசமா இருந்தா உங்களுக்குத் தரத்தான் அன்னைக்கு ஓடி வந்திருக்காரு. போலியாப் போச்சேன்னு இன்னமும் வருத்தப்படுறாராம், பாவம்."

அவள் அடுக்களைக்குள் சென்றாள். வெதுப்பகத்தின் மணம் பலகணி வழியாக வழக்கம்போல் உள்ளே வந்தது. பேரரசுகளையே உண்டு செரித்த பொறாமைக்கு ஒரு சிறு கண்ணாடிக்கடை எம்மாத்திரம், அன்பரே. பிறனுடையதென்று எண்ணி அவர் அழித்த பொருள் அவருக்கென்றே நடந்து வந்த பொருளாய் இருந்தது. அதைச் சொல்லி அழவும் அவருக்கு வழியில்லை. நாள்தோறும் அவள் சமைக்கும் நேரத்தில் நீலப்பட்டின்மேல் ஓர் அரசி பாதியாய்க் கிடக்கிறாள். மறுபாதிக் குழியை அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.