சுராயாவோடு போன செடி

தொட்டி கைமாறியபோது சதுரங்கப்பட்டினத்து வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். கொடுத்தவர் நூர்முகமது. வாங்கிக்கொண்டவள் செங்கல்பட்டுச் சம்பந்தி உம்மு சல்மா. அவள் மகன் முனீர், அன்றைக்கு மாப்பிள்ளை. நூர்முகமதுவின் காலஞ்சென்ற தம்பி மகள் சுராயா, அன்றைக்கு மணப்பெண். சுராயாவின் தாய் லத்தீஃபா. ஆறாவது ஆள், மீன் கூடையைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பொன்னி. எழுபத்து நான்காம் வருடம், தை மாதம், பகல் பதினொரு மணி.

அந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுக்கும் பெண்ணோடு பன்னீர் ரோஜாச் செடி ஒன்று போக வேண்டும். நகை முன்னே பின்னே இருக்கலாம். செடி போயாக வேண்டும். நூர்முகமதுவின் தாயார் பழவேற்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது கொண்டுவந்த செடிதான் கிணற்றடியில் ஆள் உயரத்துக்குப் புதராக நின்றது. வெளுத்த ரோஸ் நிறம், கசங்கிய துணி மாதிரி இதழ், காலையில் பறித்து அலமாரியில் வைத்தால் மூன்றாம் நாளும் துணியில் மணக்கும். அதன் கிளைகள் நாகப்பட்டினத்தில் ஒரு வீட்டிலும் வாணியம்பாடியில் ஒரு வீட்டிலும் பூத்துக்கொண்டிருந்தன. பெண் பேச வந்த அன்றே உம்மு சல்மாவிடம் நூர்முகமது சொல்லியிருந்தார். "எங்க வூட்டுப் பொண்ணு போற எடம் மணக்கும். நீங்களே பாப்பீங்க." தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் தலைமை எழுத்தராக இருந்தவர் அவர். சொன்ன சொல்லைக் கையெழுத்துப் போட்ட காகிதம் போலவே நினைப்பவர்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே பென்சில் கனமுள்ள குச்சியைச் சாய்வாக வெட்டி, நுனியில் சாணம் அப்பி, திருக்கழுக்குன்றத்திலிருந்து தருவித்த செம்மண்ணில் ஊன்றிவிட்டார். துளிர்த்தது. ஒன்பது இலைக்கொத்து வந்தது. கிணற்றடியிலேயே விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. விருந்தாளிகள் வரத் தொடங்கியதும் அவருக்கு ஓர் ஆசை, வருகிறவர்கள் பார்க்கட்டுமே என்று. தொட்டியைத் தூக்கி முன்புற மதில் மேல் வைத்தார். அந்தப் பக்கம் கடல். ரோஜாவுக்குக் கடல் காற்று ஆகாது என்று அந்த வீட்டுச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். புதரே வீட்டின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் இத்தனை வருடம் வளர்ந்தது. நான்கு நாள் உப்புக்காற்று. ஐந்தாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகி, குச்சி கறுத்துவிட்டது.

முதலில் பார்த்தவள் பொன்னி. "இன்னா பெரிய பாய், செடிய கருவாடு போட்டுட்டியா?" என்றாள். அவர் தொட்டியைப் பின்பக்கம் கொண்டுபோனார்.

கல்யாணத்துக்கு இரண்டே நாள். மாமல்லபுரத்தில் ஒரு பங்களாவில் தோட்டம் பார்த்த ஏசுபாதத்திடம் போய் ஒரு ரோஜாக் கன்று கேட்டார். ஏசுபாதம் நல்லவன், மறைக்கவில்லை. "பூ முஷ்டி அளவு வரும் பெரியவரே. வாசனை மட்டும் கேக்காதீங்க." அதை எடுத்துவந்து அதே தொட்டியில், அதே செம்மண்ணில் நட்டார். லத்தீஃபா பார்த்துவிட்டாள். "சொல்லிப்புடலாமே மச்சான். பட்டுப்போச்சின்னு சொன்னா இன்னா ஆயிடும்?"

"பொண்ணு வாசப்படி தாண்டறதுக்கு முன்னாடி செடி பட்டுப்போச்சின்னா, நாலு பேர் நாலு விதமா பேசுவான். நீ உள்ள போ."

அவள் உள்ளே போனாள். செடியும் செங்கல்பட்டு போனது.

ஆடி மாதம் சுராயாவிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. உம்மு சல்மா அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாளாம், சம்பந்தி வீட்டு ரோஜா பூத்தால் தெருவே மணக்கும் என்று. சித்திரையில் முதல் பூ விரிந்தது, சிவப்பாக, பெரிதாக. பக்கத்து வீட்டு ராஜத்தைக் கூப்பிட்டு முகரச் சொன்னாளாம். ராஜம் மூக்கை வைத்து எடுத்துவிட்டு, "இன்னாக்கா, காயிதப் பூ மாரி கீது" என்றாளாம். அன்று முதல் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. பெரியவர் வாக்குத் தவறுகிறவர் இல்லை. ஆகவே கொடுத்த செடியைத் தண்ணீர் ஊற்றாமல் சாகவிட்டுவிட்டு, சந்தையில் ஒன்றை வாங்கி நட்டு ஏமாற்றியது மருமகள்தான் என்று உம்மு சல்மா முடிவுகட்டிவிட்டாள். செடியில் பொய் சொன்னவள் எதில்தான் சொல்லமாட்டாள் என்று அலமாரிச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டாள். 'பெரிய வாப்பா, நான் மாற்றவில்லை. நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்' என்று சுராயா முடித்திருந்தாள்.

தன் வாக்கின் மேல் சம்பந்திக்கு இருந்த நம்பிக்கைதான் பெண்ணின் கழுத்தில் கயிறாக விழுந்திருக்கிறது என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மேஜையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். 'மேற்படி செடி சம்பந்தமாக' என்று ஆரம்பித்துக் கிழித்தார். 'தவிர்க்க முடியாத காரணங்களை முன்னிட்டு' என்று ஆரம்பித்து அதையும் கிழித்தார். முப்பது வருடம் ஊரார் தவறுகளுக்கெல்லாம் வாசகம் எழுதிக்கொடுத்த கை அது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

குச்சி ஊன்றி வேர் பிடிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. புதரின் அடியிலிருந்தே ஒரு பக்கத்தை வேரோடு பிரித்தார். கடப்பாரை பாய்ந்தபோது புதர் முழுதும் ஒருமுறை குலுங்கி, பூத்திருந்ததெல்லாம் உதிர்ந்தது. இரண்டில் எது பிழைக்கும், எது போகும் என்று சொல்ல முடியாது. பிரித்ததன் கிளைகளை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேர்மண் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றி வாழை நாரால் கட்டினார். லத்தீஃபா நார் எடுத்துக்கொடுத்தாள்.

பஸ்ஸில் பொன்னி இருந்தாள். "இன்னா பெரிய பாய், சாக்குல? இந்தவாட்டி மெய்யாலுமே ஒங்க வூட்டு செடியா?"

"ஆமா."

"அப்ப அந்தவாட்டி?"

"இல்ல."

அவள் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்புறம் அந்த வீடு. உம்மு சல்மா நாற்காலி போட்டாள். டீ வந்தது. அவர் உட்காரவில்லை. வாசலில் சாக்கை இறக்கி வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார். "சம்பந்தியம்மா, செடிய மாத்துனது சுராயா இல்ல. நான்."

"இன்னா சொல்றீங்க?"

"எங்க செடி கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி பட்டுப்போச்சி. கடக்காத்துல வச்சி கெடுத்தவனும் நான்தான். வேற எடத்துல ஒண்ண வாங்கி குடுத்தனுப்பிட்டேன். பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

உம்மு சல்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "நாலு மாசமா இந்தப் பொண்ண நான் பேசாத பேச்சில்ல. ஒரு கார்டு போட்டிருக்கக்கூடாதா? இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிகினு அது மொகத்துல முழிக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது. என் மூஞ்சிய நான் கொண்டாந்துட்டேன்."

உள்கதவோரம் நின்ற சுராயா சமையலறை வழியாகப் போய்க் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துவந்து அவர் அருகில் சார்த்தி வைத்தாள். உம்மு சல்மா இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி, யாரையும் பார்க்காமல், ஆறிப்போன டீக்கு அருகில் வைத்தாள்.

முனீர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். "குடுங்க பெரிய மாமா, நான் தோண்டறேன்."

"வேணாம். நவுரு."

வீட்டின் பக்கவாட்டில், சிவப்பு ரோஜாவுக்கு நாலு முழம் தள்ளி இடம் பார்த்தார். செங்கல்பட்டு மண் சரளை. கடப்பாரையின் ஒவ்வொரு குத்துக்கும் நெருப்பு தெறித்தது. அறுபத்தெட்டு வயதுக்கு அது லேசான வேலை இல்லை. உம்மு சல்மா அருகில் வந்து நின்று, "அந்த வாசனையில்லாதத புடுங்கி எறிஞ்சிடலாமா?" என்று கேட்டாள்.

"அது இன்னா தப்பு பண்ணிச்சி? பூக்குது இல்ல, இருக்கட்டும்."

சாக்கைப் பிரித்தார். தன் வீட்டுக் கிணற்றடி மண் கொஞ்சம் வேரோடு ஒட்டியிருந்தது. மொட்டைக் குச்சிகள் நான்கு, இலை ஒன்றுகூட இல்லை.

ராஜம் தன் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது அந்த வாரத்துக்குள் திருக்கழுக்குன்றம் தாண்டி, சதுரங்கப்பட்டினம் மீன் சந்தை வரைக்கும் வந்துவிட்டது. நகையில் குறை வைத்துவிட்டாராம், அது தெரிந்துபோய், பெரிய பாய் சம்பந்தி காலில் விழுந்தாராம். இன்றைக்கும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு.

நகையில் ஒரு குன்றிமணி குறையவில்லை. நூர்முகமது யார் காலிலும் விழவில்லை. மண்டி போட்டது நிஜம். குழி முழங்கை ஆழம். நின்றுகொண்டு வேரை இறக்க முடியாது.