ராகுகாலத்தில் மாறிய பிறந்த நேரம்

அஜின்கோர்ட்டில் அருள்நாயகம் அங்கிள் நடத்தும் கலியாணப் பொருத்தத் தளத்துக்குச் சுபாங்கிதான் ஒரே புரோகிராமர். அவளுடைய சாதகமும் அதே தளத்தில்தான் கிடந்தது. அம்மா ஜெயமலர் பதிந்தது. முப்பத்திரண்டு வயதில், தான் பராமரிக்கும் டேட்டாபேஸில் தானே ஒரு வரியாகக் கிடப்பது என்ன கண்றாவி என்று அவளுக்குத்தான் தெரியும்.

அவளுக்குக் கலியாணமே வேண்டாம். சொல்லிச் சொல்லிக் களைத்து, ஒரு திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு, தளத்தின் புரோகிராம் கோடுக்குள் புகுந்து, காலை 6.40 என்றிருந்த தன் பிறந்த நேரத்தை மாலை 6.40 ஆக்கினாள். செவ்வாய் தோஷம் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தது. பத்து மாதமாக ஒரு மாப்பிள்ளையும் எட்டிப் பார்க்கவில்லை. நிம்மதியென்றால் அப்படியொரு நிம்மதி.

பதினோராம் மாதம் அம்மா, வீட்டிலிருந்த பழைய சாதகத்தோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

“அண்ணை, பிள்ளையின்ர நேரத்தை ஆரோ மாத்திப்போட்டினம்.”

“பதறாதை தங்கச்சி. ஆர் மாத்தினது, எப்ப மாத்தினது எண்டு எங்கட சிஸ்ரம் தானாய் எழுதி வைக்கும். பிள்ளை, உதை ஒருக்காத் திற.”

சுபாங்கி திறந்தாள்.

மாற்றியவர்: சிஸ்ரம். மாற்றிய நேரம்: சுபநேரம்.

ராகுகாலத்தில் நடந்த எதுவும் வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது என்பது அங்கிளின் கட்டளை. அதனால் அந்த நேரங்களெல்லாம் ‘சுபநேரம்’ என்றே பதிவாகும்படி அவள் எழுதியிருந்தாள். அந்த இடத்தில் நேரம்தான் வரலாம், சொல் வரக்கூடாது என்று, கோடில் பிழை பிடிக்கும் டைப் செக்கர் சிவப்புச் சிவப்பாகக் கத்தியது. ‘கவனிக்காதே’ என்று ஒரு வரி போட்டு அதன் வாயை அடைத்திருந்தாள். திங்கள் காலை எட்டேகால் ராகுகாலம்தான்; கோடுக்குள்ளிருந்து மாற்றினால் ஆளின் பெயரும் விழாது. தப்பினோம் என்று மூச்சு விட்டாள்.

அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். “தங்கச்சி, இது ஆக்கள் மாத்தினதில்லை. சுபநேரத்திலை தானாய் மாறியிருக்கு. ஆஸ்பத்திரிக்காரர் பிழையா எழுதினதை ஆண்டவன் திருத்தியிருக்கிறான்.”

“இருக்கும் அண்ணை. அண்டைக்கு எனக்கு மயக்க ஊசி. விடிஞ்சதோ இருண்டதோ ஆருக்குத் தெரியும்?”

பெற்ற தாயே இப்படிக் கவிழ்வாள் என்று சுபாங்கி நினைக்கவில்லை.

“அப்ப பின்னேர நேரத்துக்கு ஆர் பொருந்தும்?” என்றாள் அம்மா.

அங்கிள் தட்டினார். மிசிசாகாவில் விமானநிலைய வேலை, பெயர் ஜனார்த்தன், அவனுக்கும் செவ்வாய் தோஷம், நேற்றுத்தான் பதிந்தவன். பத்துக்கு ஒன்பது பொருத்தம்.

“ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லட்டே?”

அம்மாவின் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தால் வேலை போகும். மூடியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரும். வேலை நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தாள் சுபாங்கி.

“நான்தான் மாத்தினனான்.”

அங்கிள் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“வேண்டாமெண்டா வாயாலை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னனான் அம்மா.”

“எப்ப?”

“ஜனவரி ஒண்டு, கோயில் வாசல்லை. ஏப்ரல் பதினாலு, வருசப்பிறப்புச் சாப்பாட்டிலை. போன வியாழன் பின்னேரம் நாலேமுக்கால், 401 ஹைவேயிலை, காருக்குள்ளை.”

ஜெயமலர் சாதகத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“காருக்குள்ளை சொன்னது எனக்குக் கேட்டது பிள்ளை,” என்றாள்.