பைலா கிடையாது

கச்சேரி டிக்கெட்டின் அடியில் மூன்று மொழிகளிலும் அந்த வரியைப் போட்டே தீர வேண்டும் என்று என் கணவர் யோகராஜ் ஒற்றைக் காலில் நின்றார்: "பைலா கிடையாது."

அச்சகத்துக்காரர் சிரித்தாராம். "சேர், சாப்பாடு கிடையாதுன்னு போட்டாக்கூட ஆள் வரும். இதைப் போட்டா ஒருத்தனும் வரமாட்டான்."

நடந்தது வேறு. கண்டியில் அப்படியொரு டிக்கெட்டை எவரும் பார்த்ததில்லை. இது ஏதோ பகிடி, கடைசியில் பிரமாதமான பைலா ஆட்டப்பாட்டு ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஆட்கள் வாங்கினார்கள். மடுல்கெல்லையிலிருந்து என் அண்ணன் மூக்கையா, ஒரு வேன் நிறைய உறவுக்காரர்களைச் சேர்த்துவிட்டதாகப் போனில் சொன்னார்.

யோகராஜ் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"ஒங்க அண்ணன நீதான் பாத்துக்கணும்."

"என்னாத்தப் பாக்க?"

"கதிரையிலேருந்து எழும்ப விடக்கூடாது. அவ்வளவுதான். மத்தத நான் பாத்துக்கிறேன்."

அவர் கேட்டது சின்ன உதவி இல்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் பைலாவுக்கு முதலில் எழும்புகிறவர் என் அண்ணன். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்துத் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினார் என்றால், பாயில் படுத்திருக்கும் கிழவர்களும் எழுந்து வருவார்கள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. இந்த வீட்டில் வாழ்ந்ததில் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: தாளத்தில் பைலா ஆறு அடி, யோகராஜின் பாட்டு ஏழு அடி. எழுபதுகளில் நீண்ட தலைமுடி வைத்த வெள்ளைக்காரப் பையன்கள் போட்ட பாட்டு அது. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அந்த ஒரே பாட்டுத்தான். புரோகிரசிவ் ரொக் என்பார். முதலில் மழை பெய்கிறது, பிறகு யாரோ காலியான சர்ச்சில் தனியாக ஆர்கன் வாசிக்கிறார்கள், பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வருகிறது. கோபம் வரும் இடத்தில்தான் ஏழு.

எங்களுக்குக் கல்யாணமாவதற்கு முன்பு, ஒரு கிளப்பின் வருடக் கடைசி நடனத்தில் இவரும் கூட்டாளிகள் இருவரும் அதை வாசித்திருக்கிறார்கள். கோபம் தொடங்கியவுடனே யாரோ பின்னாலிருந்து "பைலா!" என்று கத்தியிருக்கிறார்கள். டிரம்ஸ் வாசித்த விமலதாசவின் கை தன்னை அறியாமல் ஆறுக்குச் சரிந்துவிட்டது. கூட்டம் விசிலடித்தது, பாட்டு அங்கேயே செத்தது. அதன் பிறகு நாற்பது வருடம் இவர்கள் கல்யாண வீடுகளில் பைலாதான் வாசித்தார்கள். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டின் மேல்மாடி எழும்பியது பைலாவில்தான். அதைச் சொன்னால் யோகராஜுக்குப் பிடிக்காது.

முடியாமல் போன அந்த ஏழு, அவருடைய விரல்களில் தங்கிவிட்டது. சாப்பாட்டு மேசையில் தட்டுவார், பஸ்ஸில் முன் கதிரையின் கம்பியில் தட்டுவார். என் அப்பாவின் சாவு வீட்டில் பிளாஸ்டிக் கதிரையின் கையில் தட்டினார். தூக்கத்தில் என் முதுகில்கூடத் தட்டியிருக்கிறார். ஆரம்பத்தில் அதை அன்பு என்று நினைத்தேன். பிறகு வியாதி என்று நினைத்தேன். எனக்கு இடமில்லாத ஓர் அறை அவருக்குள் இருக்கிறது, கதவைத் தட்டுகிறவரும் அவர்தான், உள்ளே இருப்பவரும் அவர்தான் என்று பிறகு எப்போதோ முடிவு செய்துகொண்டேன். நானும் வெங்காயம் வெட்டப் போய்விட்டேன்.

இப்போது மூவருக்கும் எழுபதை எட்டும் வயது. திகனவில் மக்கீனுடைய ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால், சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே ஒத்திகை நடந்தது. கிட்டார் மக்கீன்தான். பிளேன்டீ கொண்டுபோன என்னிடம் ஒரு நாள் முறையிட்டார்.

"மதினி, மௌத்தாக முந்தி இத வாசிச்சு முடிக்கோணும்னு நிக்கிறாரு ஒங்கட மனிசன். வாசிச்சு முடிச்சா அந்த எடத்திலேயே உசிரு போயிரும் போல ஈக்கி."

என்னைத் தங்கை முறை வைத்துக் கூப்பிடும் விமலதாச தன் இரண்டு கைகளையும் எனக்கு நீட்டிக் காட்டினார். "நங்கி, தலைக்கு ஏழு தெரியும். கைக்குத் தெரியாது. இது கல்யாணக் கை."

யோகராஜ் சிரிக்கவில்லை. "இந்த ஒரு தடவ, விமலே. கடைசி வரைக்கும். ஒரே ஒரு தடவ."

அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் என்னை அப்படிக் கேட்கவில்லை.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மக்கீன் அஸர் தொழுதுவிட்டு வந்த பிறகு தொடங்கி, மஃரிபுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. இருட்டினால் விமலதாசவுக்கும் தூக்கம் வந்துவிடும். வாவிக்கு மேலே உள்ள மண்டபத்தின் வாசலில் நின்று அண்ணனை மறித்தேன்.

"கைலேஞ்சியத் தாங்கண்ணே."

"என்னாத்துக்கு?"

"தாங்கன்னா தாங்க."

"மூக்குச் சிந்தணும்னா?"

"டிஷ்யூ இருக்கு."

பள்ளிக்கூடத்தில் மாங்காய் பிடிபட்ட பையனைப் போல எடுத்துத் தந்தார். என் கைப்பையில் போட்டு ஸிப்பை இழுத்தேன். உள்ளே, முன் வரிசைகளில் பேராதனைப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் பழைய மாணவர்களும், நரைத்த குடுமியும் கறுப்பு டீசேர்ட்டுமாகக் கண்ணை மூடித் தயாராக இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எங்கள் வேன் ஆட்கள் கட்லட்டுடன். நான் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பொலிஸ்காரி போல உட்கார்ந்தேன்.

பாட்டில் மழை பெய்தது. யோகராஜ் ஆர்கனில் தனியாக வாசித்தார். மூக்குக்கண்ணாடி நுனிக்கு வந்துவிட்டது, அதைத் தள்ளிவிடக்கூட அவர் கை எடுக்கவில்லை. அண்ணன் என் காதருகே, "மச்சானுக்கு ஏதும் சொகமில்லையா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்காரு. பேசாம இருங்க."

பிறகு விமலதாச குச்சிகளை உயர்த்தினார். கோபம் வந்தது. ஏழு.

அண்ணனின் பாதம் அசைவதை முதலில் அவருடைய மணிக்கட்டில்தான் உணர்ந்தேன். அதே நேரம் பின்னாலிருந்து, சொல்லிவைத்தாற்போல, ஒரு குரல்: "பைலா!"

நான் பிடித்திருந்த கை என்னிடமே இருந்தது போலிருந்தது. அண்ணன் மட்டும் இல்லை. மேடைக்கு முன்னால் நின்றார். லேஞ்சி இல்லாததால் டிஷ்யூவைச் சுற்றினார். வேன் ஆட்கள் கட்லட்டை வைத்துவிட்டு ஓடினார்கள்.

ஆடத்தான் முடியவில்லை. ஆறு அடி வைத்து அழகாகத் திரும்புவார்கள், பாட்டு இன்னும் ஓர் அடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த சுற்றில் எல்லோரும் தப்பான காலில் இறங்கினார்கள். பெரியம்மா மகன் சித்தப்பாவின் காலை மிதித்தான். சித்தப்பா ஒரு விரிவுரையாளரின் மடியில் உட்கார்ந்தார். விரிவுரையாளர் கண்ணைத் திறக்கவில்லை. அண்ணன் நடுவில் நின்று, பஸ்ஸைத் தவறவிட்டவரைப் போலத் தன் கால்களையே பார்த்தார்.

விமலதாசவும் அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நாற்பது வருடமாக ஆடுகிறவர்களின் காலைப் பார்த்தே வாசித்தவர். ஏழாவது அடி ஒருமுறை விழுந்தது, அடுத்தமுறை பாதி விழுந்தது. யோகராஜ் தலையை நிமிர்த்தினார். விமலதாசவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் இருந்த இடத்திலேயே இருந்திருப்பேன். அதில் இருந்தது, இப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரிந்துவைத்திருந்த ஒருவரின் அமைதி.

எழுந்து போனேன்.

"அண்ணே, வந்து ஒக்காருங்க."

"தங்கச்சி, இந்தப் பாட்டுக்குக் கால் எங்க இருக்கு? நானும் தேடுறேன், கெடைக்குதில்ல!"

அவரை இழுத்துக்கொண்டு போவதுதான் என் வேலை. ஆனால் அண்ணன் அதை மெய்யாகவே கேட்டார், எனக்கு விடை தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று யோசிக்க நேரமில்லை.

"ஆறும் ஒங்க பைலாதான். ஏழாவதுக்குச் சும்மா நிக்கணும்."

"சும்மாவா?"

"தோள மட்டும் தூக்குங்க. இப்புடி."

தூக்கிக் காட்டினேன். ஆறு வைத்தேன், நின்றேன், தோளைத் தூக்கினேன். ஆறு வைத்தேன், நின்றேன். இடுப்பில் சொருகிய சேலையோடு, நாற்பது வருடத்தில் ஒரு கல்யாணத்திலும் ஆடாத நான். என் கால்கள் என்னைக் கேட்காமலே சரியான இடத்தில் விழுந்தன. அந்த அறையின் சாவி இவ்வளவு காலமும் என் முதுகிலேயே இருந்திருக்கிறது.

அண்ணன் இரண்டே சுற்றில் பிடித்துக்கொண்டார். "அடே, ஏழாவதுக்குச் சும்மா நில்லுங்கடா!" என்று வேன் முழுவதற்கும் அறிவித்தார். வரிசையாகத் தோள்கள் எழும்பின. மேடையில் விமலதாச என் தோளைப் பிடித்துக்கொண்டார், கண்ணால்தான். என் தோள் எழும்பும் இடத்தில் அவருடைய ஏழாவது அடி முழுதாக விழுந்தது. மக்கீன் பல்லைக் காட்டினார்.

அப்போதுதான் என் தவறு புரிந்தது. நான் நின்றால் விமலதாச ஆறுக்குச் சரிந்துவிடுவார். கோபமோ இன்னும் பாதிகூட முடியவில்லை. என் இடது முழங்காலுக்கும் கோபம் வந்தது. கைப்பையைத் திறந்து லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தேன். அதைத் தலைக்கு மேலே சுற்றுகிறேன் என்று நினைத்து எல்லோரும் விசிலடித்தார்கள். சரி, இவ்வளவு ஆகிவிட்டது, சுற்றினேன்.

பாட்டு முடிந்தது. நடுவில் சாகாமல், யாரும் கொல்லாமல், அவர் அழுத்திப் பிடித்த கடைசி ஆர்கன் சத்தம் கூரையில் போய் ஓயும் வரைக்கும் முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் தோளைத் தூக்கியபடி அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தார்கள். யோகராஜின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் கடைசியில், "முடிஞ்சிச்சா மச்சான்?" என்று கத்திய பிறகுதான் கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

மேடைக்குப் பின்னால் அவர் என்னிடம் வந்தார். வேர்வையில் குளித்திருந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

"கடைசிக்கு முந்தின பகுதியில நீ முந்திட்ட."

"நான் முந்தல. விமலதாச அண்ணன் பிந்திட்டாரு."

"ஆமா, நங்கி சரி. நான்தான்" என்றார் விமலதாச, கால்களை நீட்டியபடி.

"பைலா கெடையாதுன்னு போட்டீங்களே மச்சான்," என்றார் அண்ணன், "இனி ஏழாம் நம்பர் பைலா உண்டுன்னு போடுங்க. ரெண்டு வேன் கொண்டாறேன்."

 வேனில் போகாமல் எங்கள் காரில் ஏறிய அண்ணனுக்கு யோகராஜ் கதவைத் திறந்துவிட்டதைப் பார்த்தேன்.

வாவியைச் சுற்றி வாகனங்கள் ஊர்ந்தன. ஸ்டியரிங்கின் மேல் அவருடைய விரல்கள் அசையாமல் கிடந்தன. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. சுகமில்லாதவரின் காய்ச்சல் விட்டதும், இனி இந்த மனிதனோடு என்ன பேசுவது என்று யோசிப்பது போல.

"லேஞ்சியத் தாயேன்" என்றார் பின்னாலிருந்து அண்ணன்.

"தொவச்சுத் தர்றேன்."

சிவப்பு விளக்கில் நின்றோம். யோகராஜ் திரும்பி என் மடியைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். கைப்பையின் மேல் என் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. ஆறு, பிறகு ஒரு சும்மா.

அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேகம் கூடிப் போச்சு," என்றார்.