பத்தொன்பது பேரில் ஒருவர்

தெவ்ஃபிக் பல் டாக்டர். இஸ்கெந்தெருன் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருபத்திரண்டு வருஷம் ஊராரின் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்தவர். 2002 நவம்பர் தேர்தலில் ஆளுங்கட்சி அவரை நிறுத்தியது. ஜெயித்து அங்காராவுக்கு வந்தார். வந்த நான்காவது மாதம், அமெரிக்கப் படை துருக்கி மண் வழியாக இராக்குக்குள் போகலாமா கூடாதா என்று அவர் வாக்களிக்க வேண்டியிருந்தது.

உலகமே அப்போது இரண்டாகப் பிரிந்து கிடந்தது. லண்டன் போர் என்றது. பாரிசும் பெர்லினும் வேண்டாம் என்றன. ஐ.நா. சபையில் வாரக்கணக்காகப் பேசியும் ஒன்றும் முடியவில்லை. கட்சி யாரையும் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் தலைமைக்கு 'ஆம்' தான் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை, லாரித் தொழில் செய்யும் தம்பி ரிஃபாத் ஊரிலிருந்து போன் செய்தான்.

"அண்ணே, அமெரிக்கக் கப்பல் வந்து நிக்குது. நம்ம வீட்டு மாடியில இருந்தே தெரியுது. நாப்பது லாரிக்கு டயர் மாத்தி வச்சிருக்கேன். நீங்க சரின்னு சொன்னா அவனுங்க சாமானை ஏத்திக்கிட்டு ஓட வேண்டியதுதான்."

"உன் பையன் பட்டாளத்துல, எல்லையில நிக்கிறான்டா, ரிஃபாத்."

"எங்க நிக்கிறான்? முகாம் சமையல்கட்டுல உருளைக்கிழங்கு உரிக்கிறான். நாம விட்டாலும் விடாட்டியும் அமெரிக்காக்காரன் அடிக்கத்தான் போறான். போன தடவை சண்டையில, இராக்குக்குப் போற நம்ம ரோடே செத்துப்போச்சு, ஒரு நாதி கேக்கல. இந்தத் தடவையாவது கூட நின்னு நாலு காசு பார்ப்போமே."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க தெவ்ஃபிக்கால் முடியவில்லை. அரைமணி நேரம் கழித்து மறுபடி போன் அடித்தது. இந்த முறை ரிஃபாத்தின் மனைவி செவிம்.

"அண்ணே, இவருக்குத் தெரியாம பேசுறேன். நம்ம எர்கினுக்குப் பட்டாளத்துல இன்னும் அஞ்சு மாசம் பாக்கி இருக்கு. உங்க கண்ணு முன்னாடி பிறந்த புள்ள. அங்க சண்டை வந்தா சமையல்கட்டு என்ன, பள்ளிவாசல் என்ன. வேண்டாம்னு போட்டுடுங்க. உங்களுக்கு கோடிப் புண்ணியம்."

"பார்க்கிறேன்மா" என்றார். தம்பியிடம் சொன்னதும் அதே வார்த்தைதான்.

சனிக்கிழமை காலை நடந்தே கிளம்பினார். நகரின் நடுவிலிருந்த சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் ஜனம் கூடி 'போர் வேண்டாம்' என்று கத்திக்கொண்டிருந்தது. கோட்டில் குத்தியிருந்த உறுப்பினர் சின்னத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓரமாக நடந்தார். ஏன் கழற்றினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

சபையில் கதவைச் சாத்தினார்கள். ரகசியக் கூட்டம், நிருபர்கள் இல்லை, யார் என்ன பேசினார், எதற்கு வாக்களித்தார் என்பது பத்து வருஷத்துக்கு வெளியே வராது. பக்கத்து இருக்கை ஹம்தி கருங்கடல் கரையில் ஹேசல்நட் பருப்புத் தோப்பு வைத்திருப்பவர். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத மனிதர்.

"நான் ஆம் போடப் போறேன். மனசு ஒப்பல. ஆனா வாசல்ல நின்னு முறைச்சுக்கிட்டிருக்கிறதை விட, பந்தியில உட்கார்ந்துட்டா நாலு வார்த்தை பேசலாம் பாருங்க. நீங்க என்ன டாக்டர்?"

"இன்னும் முடிவு பண்ணல."

"பல்லைப் பிடுங்கவான்னு கேட்டா, பேஷண்ட்டை இப்படித்தான் காக்க வைப்பீங்களா?"

தெவ்ஃபிக் சிரித்துச் சமாளித்தார். மணிக்கணக்கில் பேசினார்கள். பேசிய ஒவ்வொருவரும் பேசும்போது நியாயமாகவே தெரிந்தார். வாக்கெடுப்பு என்றதும் அவர் விரல் 'ஆம்' பொத்தான் மீது போனது, செவிமின் குரல் கேட்டது. 'இல்லை'க்கு நகர்ந்தது, நாற்பது லாரிகள் தெரிந்தன. நேரம் முடியப்போகிற கடைசி நொடியில் மூன்றாவது பொத்தானை அமுக்கினார். நடுநிலை.

ஆதரவு இருநூற்று அறுபத்து நான்கு, எதிர்ப்பு இருநூற்று ஐம்பது, நடுநிலை பத்தொன்பது. தீர்மானம் வென்றது என்று கைதட்டல் எழுந்தது. தெவ்ஃபிக்குக்கு வெட்கத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. நடக்கிறது நடந்துவிட்டது, அதில் நம் கை படவில்லை.

அப்போது எதிர்வரிசையில் சிலர் எழுந்து அரசியல் சட்டத்தை நீட்டினார்கள். வந்திருப்பவர்கள் ஐந்நூற்று முப்பத்து மூன்று பேர். அதில் பாதிக்கு மேல் வேண்டும், இருநூற்று அறுபத்தேழு. மூன்று குறைகிறது. நடுநிலை என்றவர்களும் வந்தவர்கள்தானே? சலசலப்பு, வாக்குவாதம், புத்தகத்தைப் புரட்டுவது. கடைசியில் தீர்மானம் நிறைவேறவில்லை என்று அறிவித்தார்கள்.

ஹம்தி மெல்லத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எதை அமுக்கினீங்க?"

தெவ்ஃபிக் மூன்றாவது பொத்தானைத் தொட்டுக் காட்டினார்.

"அடப்பாவி மனுஷா" என்றார் ஹம்தி. அதில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். "எதிர்த்து ஓட்டுப் போட்டவனால தடுக்க முடியல. நீங்க பத்தொன்பது பேரு சும்மா இருந்தே தடுத்துட்டீங்க."

அடுத்த வாரம் ஊருக்குப் போனார். பஸ் நிலையத்துக்கு ரிஃபாத் வரவில்லை. தம்பி வீட்டு வாசலில் செவிம் ஓடி வந்து அவர் கையை எடுத்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். மேஜை மேல் அவருக்குப் பிடித்த, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட குனாஃபா, மேலே ஊற்றிய பாகு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்ணே, நீங்க என் வார்த்தையைத் தட்ட மாட்டீங்கன்னு."

உள்ளே வந்த ரிஃபாத் குரலை உயர்த்தவில்லை. "அவ அப்படித்தான் சொல்வா. எங்க அண்ணன் எனக்குத்தான் போட்டிருப்பாரு. மத்தவனுங்க கவுத்துட்டானுங்க."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். பேசாமல் இனிப்பைச் சாப்பிட்டிருந்தால் போதும். பத்து வருஷத்துக்கு இரண்டு பேருக்கும் அவர் நல்லவர். தட்டைத் தள்ளி வைத்தார்.

"உனக்கும் போடல, இவளுக்கும் போடல. நடுவுல ஒண்ணு இருந்துச்சு, அதை அமுக்கினேன். பயந்துபோய்."

ரிஃபாத் முதலில் நம்பவில்லை. பிறகு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். செவிம் அவர் எதிரே வந்து நின்றாள்.

"அவருக்கு எதிரா போட மனசு வராதுன்னு வச்சுக்குங்க. எர்கினுக்காகக்கூடவா ஒரு பக்கம் நிக்க முடியல?"

"நிக்கல."

"நல்லதா முடிஞ்சுதேன்னு சந்தோஷப்படவா, உங்க மேல கோபப்படவா? எனக்கே தெரியலண்ணே." குனாஃபாத் தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டாள். அவர் அன்று ஓட்டலில்தான் சாப்பிட்டார்.

போர் நிற்கவில்லை. அந்த மாதமே தெற்கிலிருந்து தொடங்கியது. துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்த கப்பல்கள் வேறு கடலுக்குப் போயின. ரிஃபாத் பாதி லாரிகளை விற்றான், மீதியில் சிமென்ட் ஏற்றினான். ஆகஸ்டில் எர்கின் முழுசாக வீடு திரும்பினான், முன்னைவிடக் குண்டாக. விருந்துக்குப் பெரியப்பாவையும் கூப்பிட்டார்கள். ரிஃபாத் அவருக்கு மீன் பரிமாறினான், பேச்சு மட்டும் இல்லை.

அக்டோபரில் இன்னொரு தீர்மானம் வந்தது. இந்த முறை துருக்கிப் படையையே இராக்குக்கு அனுப்பலாமா என்று. தெவ்ஃபிக் மூன்று இரவு யோசித்தார். சபைக்குள் போகுமுன் ரிஃபாத்துக்கு அவரே போன் செய்தார்.

"இல்லைன்னு போடப் போறேன். முன்னாடியே சொல்லிடணும்னு தோணுச்சு. அடுத்த தேர்தல்ல எனக்கு சீட்டு கிடைக்காது."

"சிமென்ட் எங்கயும் ஓடும்" என்றான் ரிஃபாத். "நீங்க போடுங்க."

தெவ்ஃபிக் எதிர்த்தார். தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் வென்றது. வெளியே வரும்போது ஹம்தி தோளில் கை போட்டு, "இன்னைக்குத் தோத்தீங்க டாக்டர், வாங்க டீ சாப்பிடலாம்" என்றார். இருவரும் படியிறங்கி நடந்தார்கள். தெவ்ஃபிக்கின் கோட்டில் சின்னம் இருந்தது. தெருவில் யாரோ ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டார். தெவ்ஃபிக் நின்று பதில் சொன்னார். கேட்டவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. டீக்கடை வரை வாதாடிக்கொண்டே கூட வந்தார்.